இருபத்து மூன்று ஏன்

எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனி என்று பெரிய போர்டே இருக்கிறது. ஆனாலும் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அந்தப் பெயரைச் சொன்னால் ஒருத்தருக்கும் தெரியாது. காதர் பாய் பெயிண்ட் கடை மாடி என்று சொல்லுங்கள், ஆட்டோக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுவந்து விடுவார். கீழே காதர் பாய் கடை. மேலே அவர் மகன் நவாஸ் நடத்தும் கம்பெனி. மொத்தம் ஆறு பேர். கிராமத்துச் சுகாதார நிலையங்களில் தடுப்பூசி மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜ் இருக்கிறதல்லவா, அதற்குள்ளே சூடு ஏறினால் அலாரம் அடித்து நர்சின் போனுக்கு மெசேஜ் அனுப்புகிற புரோகிராம் எங்களுடையது. எழுதியது நாங்கள், வேலையைக் கொடுத்தது சென்னையில் ஒரு பெரிய கம்பெனி.

அந்தக் கம்பெனியிலிருந்துதான் போன மாதம் ஒரு திங்கட்கிழமை மெயில் வந்தது. இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இனிமேல் புரோகிராமில் நூறு வரி இருந்தால் அதில் இருபத்தைந்து வரி கமெண்டாக இருக்க வேண்டுமாம். கமெண்ட் என்றால், நடுநடுவே மனிதர்கள் படிப்பதற்காக எழுதி வைக்கும் விளக்கம். கம்ப்யூட்டர் அதை ஏறெடுத்தும் பார்க்காது. எத்தனை இருக்கிறது என்று எண்ணிச் சொல்ல ஒரு சாஃப்ட்வேரையும் கூடவே அனுப்பியிருந்தார்கள். ஓட்டிப் பார்த்தோம். நூற்றுக்கு நான்கு வந்தது.

வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பார்கள். தேறாவிட்டால் வேலை சென்னைக்கு மாற்றப்படும். விருப்பமுள்ளவர்கள் சோழிங்கநல்லூர் ஆபீசில் வந்து சேரலாம். கடைசி வரியில் இதை மரியாதையாக எழுதியிருந்தார்கள். அந்த மரியாதைதான் என்னைப் பயமுறுத்தியது.

ஏனென்றால் நான் ஏற்கெனவே சென்னையில் இருந்து பார்த்தவள். கல்யாணமான புதிதில் இரண்டு வருஷம் வேளச்சேரியில் ஹாஸ்டல். என் வீட்டுக்காரர் வெங்கடேசன் மானாம்பதியில் பயிர் வைக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி வந்து, திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஏறிப் போவேன். நாத்தனார் என்னைச் சனிக்கிழமைப் பொண்டாட்டி என்றே கூப்பிடுவாள். நவாஸ் கம்பெனி ஆரம்பித்ததும் முதல் ஆளாக ஓடிவந்து சேர்ந்தேன். இப்போது நாலு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். மறுபடியும் சனிக்கிழமைப் பொண்டாட்டி ஆவதற்கும், சனிக்கிழமை அம்மா ஆவதற்கும் எனக்குத் தெம்பு இல்லை.

நான்கு வாங்கியதை வைத்து எங்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வழக்கம் அப்படி. எழுதினவர் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருப்பார். புரியவில்லையென்றால் திரும்பி, “அண்ணா, இது இன்னாத்துக்கு?” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். பதில் வரும், கூடவே கிண்டலும் வரும். வாயைத் திறந்து கேட்டால் கிடைக்கிறதை யாராவது மெனக்கெட்டு எழுதி வைப்பார்களா? ஆறு வருஷமாக நாங்கள் வைக்கவில்லை.

எங்களில் மூத்தவர் தமிழரசன் அண்ணன். முன்னாள் டைப்ரைட்டிங் மாஸ்டர். அவர் விரல் ஓடும்போது கீபோர்டில் எது எழுத்து எது விரல் என்று தெரியாது. மெயிலை இரண்டு தரம் படித்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

“எத்தினி வரி ஓணும், சொல்லு. வரிதானே கேக்கறான்?”

ஆரம்பித்தார். எல்லாம் இங்கிலீஷில்தான், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். ‘இங்கே ஒன்றைக் கூட்டுகிறோம்.’ ‘கூட்டியதை இங்கே வைக்கிறோம்.’ ‘வைத்ததை இங்கே எடுக்கிறோம்.’ ஓரிடத்தில், ‘இது ஒரு காலி வரி.’ எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் நானும் யோக்கியம் இல்லை. அதே மாதிரி அறுநூறு வரி எழுதினேன். வியாழக்கிழமை மத்தியானம் சாஃப்ட்வேரை ஓட்டினால் முப்பத்தொன்று! நவாஸ் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வெங்கடேசன் வழக்கம்போல “பாக்கலாம்” என்றார். அந்த வாரம் முழுக்க அந்த மனுஷன் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு வார்த்தைதான். இங்கே ஒருத்தி செத்துக்கொண்டிருக்கிறாள், இவர் நவரைப் பட்டத்துக்கு நாற்று விடுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை அந்தக் கம்பெனியிலிருந்து கல்பனா மேடம் காரில் வந்து இறங்கினார். சென்னையிலிருந்து எங்கள் ஊருக்குக் காரில் வருகிறவர்கள் கோவில் கல்வெட்டைப் பார்க்க வருவார்கள். புரோகிராம் பார்க்க வந்தது இவர் ஒருத்தர்தான். ஐம்பது வயது இருக்கும். அதட்டாத குரல். சாஃப்ட்வேர் காட்டிய முப்பத்தொன்றைப் பார்த்தார், “சரி” என்று குறித்துக்கொண்டார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, “சசிரேகா, நீங்க பக்கத்துல உக்காருங்க. முதல் வரியிலிருந்து படிக்கலாம்” என்றார்.

படித்தார். எங்கேயாவது நின்று, “இது ஏன் இப்படி?” என்று கேட்பார். திரையில் அதற்குப் பதில் இருந்தால் மேலே போவார். இல்லாவிட்டால் தாளில் ஒரு கோடு போடுவார். நான் வாயால் சொன்ன பதிலைக் கேட்டுக்கொண்டார், ஆனால் கோட்டை அடிக்கவில்லை. தமிழரசன் அண்ணனின் ‘காலி வரி’ வந்தபோது மட்டும் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி ஒருமுறை என்னைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது.

மத்தியானம் நெருங்கும்போது இருபத்திரண்டு கோடு. அப்போதுதான் அந்த இடம் வந்தது.

“சூடு எட்டு டிகிரியைத் தாண்டினா எவ்வளவு நேரம் பொறுத்து அலாரம் அடிக்கும்?”

“அஞ்சு நிமிஷம் மேடம்.”

“கீழ பாருங்க. புதன்கிழமை மட்டும் பதினேழு நிமிஷம்.”

அதற்கு மேலே என் கைவண்ணம் பளபளத்தது: ‘புதன்கிழமை பதினேழு நிமிடம் காத்திருக்கிறோம்.’

“காத்திருக்கறது தெரியுது. ஏன்?”

“புதன்கிழமை தடுப்பூசி போடற நாள் மேடம்.”

“அப்போ அன்னைக்கு இன்னும் சீக்கிரமா இல்ல அடிக்கணும்? ஊசி போடற நாளாப் பார்த்து அலாரத்தை எதுக்கு அடக்கி வெச்சிருக்கீங்க?”

அந்த வரியின் ஓரத்தைப் பார்த்தேன். எழுதியவள் நான்தான், என் பெயர் அதிலேயே இருக்கிறது, தேதி நாலு வருஷத்துக்கு முந்தையது. ஏன் எழுதினேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. தமிழரசன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

கல்பனா மேடம் இருபத்து மூன்றாவது கோட்டைப் போட்டார். “எனக்கு முப்பத்தொண்ணு ஃபாரத்துல போடத்தான் வேணும். நிஜமா எத்தனை தேறும்னு இந்தத் தாள்லதான் எனக்குத் தெரியும். அடுத்தவங்க எழுதின புரோகிராமைப் படிச்சே என் பாதி வயசு போச்சும்மா. நாலு மணிக்குச் சென்னையில அரவிந்தன்னு ஒருத்தர் இதைத் திறப்பார். வேலை மாறினா எடுத்துக்கப் போறவர் அவர்தான். அவருக்கு எவ்வளவு புரியுதுன்னு பார்த்துட்டு முடிவு சொல்றேன். இந்தப் புதன்கிழமைக்குக் காரணம் கிடைக்கலேன்னா, அலாரத்தை வேணும்னே அமுக்கியிருக்காங்கன்னுதான் நான் எழுத வேண்டி வரும்.”

அவரைச் சாப்பிட உட்கார வைத்துவிட்டு நவாஸ் என்னைக் கீழே கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். பெயிண்ட் டின்களுக்கு நடுவே நின்று குசுகுசுத்தான்.

“சசிக்கா, யோசிச்சிப் பாரு. அந்த அரவிந்தனுக்குப் புரியலேன்னா நம்மள வுட்டா அவங்களுக்கு வேற கதி இல்ல. புரிஞ்சிட்ச்சின்னு வெச்சிக்க, நம்ம எதுக்கு? இருபத்து மூணையும் எழுதிக் குடுத்துட்டா வூட்டுச் சாவியக் குடுத்த மாதிரிதான். புதன்கெழம ஒண்ண மட்டும் எழுது. மிச்சத்த அப்புறம் வாயால சொல்றோம்னு சொல்லிடு.”

“அந்த ஒண்ணுதான் பாய் தெரியல!”

அவன் சொன்னது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை, அதுதான் பேஜார். தெரிந்ததை எங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்வதுதான் எங்களிடம் இருந்த ஒரே பிடிமானம்.

தேதியைப் பார்த்தால் அது முதன்முதலில் ஒரு சுகாதார நிலையத்து ஃப்ரிட்ஜில் எங்கள் அலாரத்தை மாட்டிய காலம். அங்கே அப்போது இருந்த சுலோச்சனா சிஸ்டர் நம்பர் போனில் இருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து போட்டேன். எடுத்ததும் எனக்கு முன்னால் அவரே பேச ஆரம்பித்தார்.

“யாரு, சசியா? புள்ள எப்டிகீது?”

“நல்லாக்கீது சிஸ்டர். ஒரு விஷயம் கேக்கணும். புதன்கெழம அலாரம் லேட்டா அடிக்கற மாதிரி நான் ஏன் வெச்சேன், உங்களுக்கு ஞாபகம் கீதா?”

அந்தப் பக்கம் சிரிப்பு. “இன்னாடி, என்னாண்ட கேக்கற? நீதானே வவுத்தத் தள்ளிக்கினு வந்து, பெஞ்சில குந்திக்கினு, மூணு புதங்கெழம கடியாரத்தையே பாத்துக்கினு இருந்த? எட்டாம் மாசம் உனுக்கு. வெய்யில்ல வராதடின்னா கேட்டியா?”

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“புதங்கெழம காலையில நாலு ஊருக்குப் பெட்டியில மருந்து அடுக்கணும்டி. ஃப்ரிட்ஜு தெறந்து தெறந்து மூடுவோம். ஒடனே உன் அலாரம் கத்தும். ஊசிக்கி வந்த புள்ளைங்கல்லாம் வீல்னு அழும். ஒரு நாளு யாரோ தொல்ல தாங்காம அலாரத்து ஒயர புடுங்கி வுட்டுட்டாங்க. மறுநாள் மத்தியானம்தான் நான் பாத்தேன். அது வரைக்கும் அலாரமே இல்ல. அன்னைக்கி கரண்டு போயிருந்தா? அதச் சொன்னதுக்குத்தான் நீ வந்து குந்தின. அதிகமா போனது பதினஞ்சி நிமிசம். மேல ரெண்டு சேத்துக்கறேன் சிஸ்டர்னு சொல்லிட்டுப் போன. நாலாவது வாரம் ஆளக் காணோம். கேட்டா புள்ள பொறந்துட்ச்சின்னாங்க.”

எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. பெஞ்சு, புளிச்சோறு, முதுகுவலி. அந்த மாற்றத்தை எழுதிப் போட்ட மறுநாள் வலி எடுத்து, குறைமாதத்தில் பிரசவம். ஆறு மாதம் கழித்து ஆபீஸ் வந்தபோது எனக்கு என் பாஸ்வேர்டே மறந்து போயிருந்தது. கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதற்கு இரண்டு வரி கீழே, பத்து டிகிரி தாண்டினால் எந்தக் கிழமையானாலும் உடனே அடி என்று நானே எழுதி வைத்திருந்தேன். ஓடிப் போய்ப் பார்த்தேன், இருந்தது. மடத்தனம் ஒன்றும் செய்யவில்லை நான்! மூச்சு வந்தது.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. இதே மாதிரி இன்னும் இருபத்திரண்டு இருக்கிறதே. காரணம் தெரியாத ஒருத்தர் சோழிங்கநல்லூரில் உட்கார்ந்துகொண்டு, இது எதற்கு அசிங்கமாக என்று பதினேழை எடுத்துவிட்டு ஐந்து போடுவார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். அடுத்த புதன்கிழமை எங்கேயோ ஒருவர் ஒயரைப் பிடுங்குவார். அதற்குள் மேலே வந்திருந்த நவாஸ் முன்னால் போய் நின்றேன்.

“பாய், எல்லாத்தியும் எழுதப் போறேன். வேல போனா போவட்டும். உன் கொழந்த சபாவுக்கும் என் பொண்ணுக்கும் அந்த ஃப்ரிட்ஜ்லேர்ந்துதான் ஊசி.”

வேலை போனால் போகட்டும் என்று வாய்தான் சொன்னது. நவாஸ் என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். பிறகு, “ஒம்பதாவதும் பதினாலாவதும் நான் எழுதினது. அத நானே போட்றேன்” என்று நாற்காலியை இழுத்தான்.

“அண்ணா, உங்க வரியெல்லாம் எடுத்துடுங்க” என்றேன்.

“எல்லாமா?” தமிழரசன் அண்ணன் நெஞ்சில் கை வைத்தார். “மூணு நாள் ஒழைப்புமா.”

“காலி வரியையும் சேர்த்து.”

அழித்தோம். என்னுடைய அறுநூறும் போனது. அப்புறம் தாளை நடுவில் வைத்துக்கொண்டு வேலை நடந்தது. பதினாறு கேள்விக்குப் பதில் அந்த அறையிலேயே இருந்தது, திரும்பிக் கேட்டதும் வந்தது. ஐந்துக்கு நர்சுகளுக்குப் போன் போட்டோம். மழைக்காலத்தில் இரட்டை மெசேஜ் போவது ஏன் என்றால், ஏரிக்கரைப் பக்கத்து நிலையத்தில் முதல் மெசேஜ் டவர் கிடைக்காமல் காணாமல் போகும். பொங்கல் வாரத்தில் இன்னொரு நம்பருக்கும் போவது ஏன் என்றால், நர்சு ஊருக்குப் போயிருப்பார், வாட்ச்மேன்தான் இருப்பார். யார் சொன்னார்கள், எந்த வருஷம் என்றும் சேர்த்து எழுதினோம். இரண்டே இரண்டுக்கு மட்டும் தலைகீழாக நின்றும் காரணம் கிடைக்கவில்லை. ‘இது ஏன் என்று எங்களுக்கே தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறோம், அதுவரை எடுக்காதீர்கள்’ என்று எழுதினேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் எழுதினேன்.

நாலு மணிக்குச் சாஃப்ட்வேரை ஓட்டினோம். நூற்றுக்கு ஆறு.

கல்பனா மேடம் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார். சென்னையில் அரவிந்தன் படிக்கப் படிக்க, அவர் மூச்சு விடுவது இங்கே கேட்டது. முக்கால் மணி நேரம். கேள்வியே வரவில்லை. ஒவ்வொரு நிமிஷமும் கேள்வி வராதபோது எனக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே ஏறியது. நன்றாகப் புரிகிறது அவருக்கு. முடிந்தது நம் கதை, திங்கட்கிழமை பஸ்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் அவர் குரல் வந்தது. “எனக்கு எல்லாமே புரிஞ்சிடுச்சு மேடம். எங்கேயும் நிக்கல.”

நவாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

“ஆனா ஒண்ணு கேக்கணும். சசிரேகான்னு எழுதியிருக்கவங்க இருக்காங்களா?”

“இருக்கேன் சார்.”

“மூணு புதன்கிழமை போய் உக்காந்து நேரம் பார்த்தோம்னு போட்டிருக்கீங்களே, நிஜமாவே போனீங்களா?”

“ஆமா சார். பஸ்ல பன்னெண்டு கிலோமீட்டர்தான்.”

அரவிந்தன் தொடர்ந்தார். “மேடம், இதுல பாதிக் காரணம் யாரோ ஒரு நர்சு சொன்னது, இவங்க போய்ப் பார்த்தது. இருக்கறதை நான் படிச்சிடுவேன். நாளைக்குப் புதுசா ஒரு பிரச்சினை வந்தா நான் யார்கிட்ட போய்க் கேக்கறது? எனக்கு அந்தப் பக்கம் பஸ் நம்பர்கூடத் தெரியாது. இதை இங்க கொண்டு வந்தா ஒரே மாசத்துல நான் மாட்டிப்பேன். அவங்ககிட்டயே இருக்கட்டும்.”

கல்பனா மேடம் போனை வைத்தார். காலையில் கோடு போட்ட தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். “நானும் அதேதான் நினைச்சேன். வேலை இங்கேயே இருக்கும், மாத்த வேண்டாம்னு எழுதறேன். ஃபாரத்துல ஆறுன்னேதான் போடுவேன். அதுக்குக் கீழ குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. இத்தனை வருஷமா யாரும் நிரப்பினதில்ல. இன்னைக்கு நான் நிரப்பறேன்.” தமிழரசன் அண்ணன் பக்கம் திரும்பி, “நீங்க ரொம்ப வேகமா டைப் அடிப்பீங்க போல” என்றார். அவருக்கு வெட்கமான வெட்கம்.

கார் தெருமுனை திரும்பும் வரை அடக்கிக்கொண்டிருந்தோம். அப்புறம் மாடியில் போட்ட சத்தத்தில் காதர் பாய் என்னவோ ஏதோ என்று மேலே ஓடி வந்துவிட்டார். நான் அழுதேன். ஏன் அழுகிறாய் என்று கேட்டதற்கு, பசிக்கிறது என்று சொன்னேன். நிஜமாகவே பசித்தது. ஐந்து நாள் பசி.

ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு மானாம்பதி போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வெங்கடேசன் நாற்றங்காலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். பெண் மோட்டார் ரூம் வாசலில் மண்ணைக் குழைத்து எனக்கு இட்லி சுட்டு வைத்திருந்தாள்.

“இன்னா ஆச்சி?” என்றார்.

“போகலங்க. வேல இங்கியேதான். இனிமே எங்கியும் போவத் தேவையில்ல.”

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார். சிரிப்பார் என்று பார்த்தேன். முகம் ஒரு மாதிரி ஆனது.

“இன்னாங்க? சந்தோசமில்லியா?”

“இல்ல… காலையில சின்னராசாண்ட நெலத்தக் குத்தகைக்கி எடுத்துக்கடான்னு சொல்லிட்டேன். சோளிங்கநல்லூர்ல ஒரு அபார்ட்மெண்டுல வாச்மேன் வேல கீதாம், நம்ம செங்கேணி மச்சான் சொன்னான். அதுக்கும் வரேன்னு சொல்லிட்டேன். மூணு பேரும் ஒண்ணாப் போயிடலாம்னு…”

என் அம்மா வீட்டில் இரண்டு ராத்திரி தங்கச் சொன்னாலே மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவார்கள் என்று கிளம்பி வந்துவிடுகிற மனுஷன். வாரம் முழுக்கப் பாக்கலாம், பாக்கலாம் என்று எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதை மறைக்கத் திட்டினேன்.

“அறிவு கீதா உங்களுக்கு? என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா? போங்க, போய் சின்னராசாண்ட வேணாம்னு சொல்லிட்டு வாங்க!”

“நாளைக்கி ஏர் கட்டறேன்னானே!”

“அதான் போங்கன்றேன்!”

மண்வெட்டியை வரப்பில் போட்டார். மடித்துக் கட்டிய லுங்கியோடு, முழங்கால் வரை சேற்றோடு, செருப்புகூட மாட்டாமல் சின்னராசு வீட்டைப் பார்த்து வரப்பு மேலேயே ஓடினார். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அந்த மனுஷன் ஓடி நான் பார்த்ததே இல்லை.